ஒரு ரசிகைக்காக

"இந்தப் பாட்டைப் பாடினது யாருன்னு சொன்னா நம்ப மாட்டீங்கம்மா" என்றார் தச்சர், மண்டியிட்டபடியே.

அந்த வீட்டின் முன்னறையில் மரத்தரை போடும் வேலையில் அவருக்கு அன்று மூன்றாவது நாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த செல்போனில் ஓர் ஆண்குரல் தாழ்ந்த சுருதியில் பாடிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு கிதார், எங்கோ தள்ளி ஒரு புல்லாங்குழல். அவ்வளவுதான்.

வீட்டுக்காரம்மா டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, "யாரு?" என்றாள்.

"சிறுதூறல் குழு."

"அவங்களா?"

"அவங்களேதான். நானும் ஆடிப்போயிட்டேன்."

சிறுதூறலைத் தெரியாதவர்கள் யார்? மேடையில் நாலு டிரம், வயிற்றைக் கலக்கும் அதிர்வு, மைதானம் கொள்ளாத கூட்டம். தச்சரின் மச்சான் அந்தப் பாட்டுகளை வைத்தால் வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் ஆடும். 'பேருதான் தூறல், விழுறது இடி' என்று அவர் திட்டாத நாளே கிடையாது.

"போன வாரம் மச்சான் என் போன்ல எதையோ அமுக்கிட்டுப் போயிட்டான்மா. அது பாட்டுக்கு அவங்களோட முதல் ஆல்பத்துக்குப் போயிடுச்சு. ஒன்பது வருஷத்துக்கு முந்தினது. ரம்பத்தை நிறுத்திட்டுக் கேட்டேன். நல்லா கூர் வெச்ச இழைப்புளி தேக்குல ஓடும் பாருங்க, சுருள் அறுந்துபோகாம நீளமா வரும். அந்த மாதிரி வருது குரல். எங்கயும் பிசிறு இல்ல."

"அவ்வளவு பிடிச்சுதா?"

"வாரம் முழுக்க இதுதான். 'என்ன, கொஞ்ச நாளா முகமே தெளிஞ்சிருக்கு, புதுசா யாரையாவது பார்த்துட்டீங்களா'ன்னு என் வீட்டுக்காரி சந்தேகப்படுறா."

அவள் சிரித்தாள். தச்சர் அடுத்த பலகையைப் பொருத்தி, ஓரத்தில் லேசாகத் தட்டினார்.

"ஒரே ஒரு வருத்தம்மா. இப்படிப் பாடத் தெரிஞ்ச மனுஷன் எதுக்கு அந்தக் கத்தலுக்குப் போனான்? காசு. வேற என்ன?"

அவள் பாட்டு முடியும்வரை கதவில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"கடைசி வரியில மூச்சு வாங்குறது கேட்டுதா அண்ணே? அன்னிக்கு அவருக்கு நல்ல ஜலதோஷம். ஆறு தடவை பாடியும் திருப்தியில்ல. ஏழாவதைத்தான் வெச்சுக்கிட்டாங்க."

தச்சர் சுத்தியலைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எப்படிம்மா..."

"பாடுறது என் வீட்டுக்காரர்."

தச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்று நாளாகக் காலையில், 'சாப்பிட்டீங்களா அண்ணே?' என்று கேட்டுவிட்டு வெளியே கிளம்பும் அந்த ஒல்லி மனிதரா? முகத்தில் சாயம் பூசிக்கொண்டு தலைமுடி பறக்க மேடையில் குதிக்கும் ஆளும் அவரும் ஒன்று என்று யாருக்குத் தெரியும்?

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்."

"நீங்க புதுசா ஒண்ணும் சொல்லல. குழுவுலயே பெரிய சண்டை. புல்லாங்குழல்காரர் கோவிச்சுக்கிட்டுப் போயே போயிட்டார். காசுன்னு பார்த்தா, மாத்தின முதல் ரெண்டு வருஷம் கையைச் சுட்டுக்கிட்டதுதான் மிச்சம்."

"அப்புறம் எதுக்கும்மா மாத்தினார்?"

"ஒரு ரசிகைக்காக."

தச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பாட்டுக்கெல்லாம் அவ மசியல. அவளைச் சிரிக்க வெக்கணும்னு இவரும் என்னென்னவோ பாடிப் பார்த்தார். ஒருநாள் டிரம்மைப் போட்டு அடிச்சாங்க. அவ சிரிச்சுட்டா. அன்னிக்கே பழைய பாட்டையெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டார்."

தச்சர் கீழே வைத்த சுத்தியலை எடுத்துக்கொண்டார். எவளோ ஒருத்தியின் சிரிப்புக்காக இப்பேர்ப்பட்ட குரலை மூட்டை கட்டிய மனிதரை என்னவென்று சொல்வது? அதைவிட, கட்டிய மனைவி கொஞ்சமும் முகம் வாடாமல் இதைச் சொல்கிறாளே.

"இப்பவும் அவங்களோட பழக்கம் இருக்காம்மா?" கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று பட்டது.

"நல்லா கேட்டீங்க. இந்தத் தரையே அவளுக்காகத்தான் போடுறார். இப்ப வந்துடுவா. தினமும் இவரே போய்க் கூட்டிட்டு வருவார்."

தச்சர் கடைசிப் பலகையைப் பொருத்தித் தட்டினார். அந்த மகராசி வருவதற்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்று கருவிகளை அவசர அவசரமாகப் பையில் திணித்துக்கொண்டிருந்தபோதே வாசலில் கார் வந்து நின்றது.

பாடகர்தான் முதலில் உள்ளே வந்தார். தரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பிரமாதம் அண்ணே" என்றவர், நேராகப் பக்கத்து அறைக்குப் போய் ஒரு பெரிய டிரம்மைத் தூக்கிவந்து புதுத் தரையின் நடுவில் வைத்தார்.

அவருக்குப் பின்னால் பள்ளிச் சீருடையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்தாள். ஷூவையும் சாக்ஸையும் உதறிவிட்டுப் பலகைகளின் மேல் குப்புறப் படுத்து, கன்னத்தையும் இரண்டு உள்ளங்கைகளையும் மரத்தோடு ஒட்டிக்கொண்டாள்.

"இவதான் அண்ணே அந்த ரசிகை. எங்க பொண்ணு" என்றாள் அம்மா. "பொறந்ததுல இருந்து காது கேக்காது."

பாடகர் டிரம்மில் ஓங்கி ஓர் அடி அடித்தார்; காலடியில் பலகைகள் அதிர, சிறுமி கண்களை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.