நாலாவது மூலை

"நம்ம தோட்டத்துல மூணு மூலைக்குத்தான் ஜெபம் பண்ணிட்டுப் போகுது அந்தம்மா. நாலாவது மூலை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று பொருமினான் வால்தோமிரோ.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருய்யா," என்றாள் மனைவி இவோனி. "சந்தேகம்னா அவங்களையே போய்க் கேளு."

கேட்பதா? யாரிடமும் சந்தேகம் கேட்டு அவனுக்குப் பழக்கமில்லை. எல்லாம் தெரிந்தவன் என்ற பட்டத்தைத் தனக்குத்தானே எப்போதோ சூட்டிக்கொண்டவன் அவன்.

பீன்ஸ் முளைத்துப் பதினைந்து நாள்தான். அதற்குள் இலையெல்லாம் சல்லடை. எல்லாம் ஒரு பொடி வண்டின் வேலை. பிரேசில் கொடியின் பச்சையும் மஞ்சளும் அதன் முதுகில் இருப்பதால், ஊரில் அதற்குத் 'தேசபக்தன்' என்று பெயர். வீட்டிலிருந்த கடைசி விதையையும் மண்ணில் போட்டாயிற்று. இந்தப் பயிர் போனால் மறுபடி விதைக்க ஒரு மணி கிடையாது. வருஷம் முழுக்க வெறும் சோறுதான். அதனால்தான் பூச்சி விரட்ட ஜெபம் பண்ணும் லெயோகாதியா அம்மாவை இவோனி அழைத்து வந்தபோது, ஜெபத்தில் நம்பிக்கையே இல்லாத வால்தோமிரோவும் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

அந்த அம்மா அருவதா மூலிகைக் கொத்தைத் தண்ணீரில் தோய்த்துத் தெளித்து, ஏதோ முணுமுணுத்து, மூன்று மூலைகளில் மட்டும் மூலைக்கொரு கொத்தாக நட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். காசு வாங்கவில்லை. ஜெபத்துக்குக் காசு வாங்கினால் பாவமாம்.

'சும்மா செய்யுற வேலை முக்கால்வாசிதான் நடக்கும்' என்று வால்தோமிரோ முடிவுகட்டினான். இவோனி அடுப்படிக்குப் போனதும், கொல்லையில் ஒரு கொத்து அருவதாவை ஒடித்தான். நாலாவது மூலையில் மண்டியிட்டு, காதில் விழுந்த அரைகுறை ஜெபத்தை உரக்கச் சொல்லி, கொத்தை ஆழமாகவே நட்டான். எழுந்தபோது முட்டி வலித்தது. மனசு நிறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மாதா கோவில் வாசலிலேயே லெயோகாதியா அம்மாவை மறித்துக்கொண்டான். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது.

"உங்க ஜெபத்தோட லட்சணம் இதுதானா? ஒரு வண்டுகூடப் போகல. இலையைத் தின்னு முடிச்சிட்டு இப்பக் கொழுந்துக்கு வந்துடுச்சு!"

அவர் முகம் வாடியது. "அப்படி ஆகாதேப்பா. நாப்பது வருஷமாப் பண்றேன். மூணு மூலையும் ஒழுங்காத்தானே செஞ்சேன்?"

"மூணு செஞ்சீங்க! நீங்க விட்டுட்டுப் போன நாலாவதை யார் செஞ்சது? நான்தான் முட்டி தேயச் செஞ்சேன். எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க!"

லெயோகாதியா அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

"அட மகராசா! மூணு மூலையில ஜெபிக்கிறது வண்டைத் துரத்துறதுக்கு. நாலாவதைச் சும்மா விடுறது, அதுங்க வெளிய போறதுக்கு. அந்த வாசலையா அடைச்சே?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இவோனி மட்டும் சிரிக்கவில்லை. "ஓடுய்யா! போய் அதைப் பிடுங்கு!"

வால்தோமிரோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அம்பது வருஷமா நான் கேட்டது ஒண்ணையும் கடவுள் காதுல வாங்கினதில்லடி. போயும் போயும் இதை மட்டும் ஒரு எழுத்து விடாமக் கேட்டுத் தொலைச்சிருக்காரே!"