கீறல் விழாத ஜீப்

பெட்ரோல் ஜீப்பைக் கொடுத்துவிட்டு டீசல் ஜீப் எடுக்க வந்திருந்தார் தொண்டாமுத்தூர் பொங்கியண்ணன்.

"ஒரு கீறல்கூட இல்லீங்களே! இதை ஏனுங்க மாத்தறீங்க?" என்றான் ஷோரூம் சபரீஷ்.

"பையன் ஆசைப்பட்டு எடுத்ததுங்க தம்பி. டீசல் எப்படி?"

"மேட்டுல நல்லா இழுக்குமுங்க. ஆனா சத்தம் ஊரையே கூட்டிப்போடும்."

"எவ்வளவு தூரம் கேக்கும்?"

"தோட்டத்துக்கு அந்தக் கடைசி வரைக்கும் கேக்குமுங்க. பெட்ரோல்னா பக்கத்துல வந்து நின்னாலும் தெரியாது."

"ஆமாங்க, தெரியல." பொங்கியண்ணன் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "பையன் எறங்கித் தோட்டத்துக் கேட்டைத் தொறந்தான். சத்தம் கேட்டிருந்தா யானை முன்னாடியே வெலகிப் போயிருக்குமுங்க."