வாப்பாவிடமிருந்து எதுவும் வரவில்லை

குடும்பத்தார் கையில் கட்டியிருக்கும் உடல்நலப் பட்டைகளிலிருந்து தகவல் எடுத்து, யார் எப்படி இருக்கிறார்கள் என்று தினமும் காலையில் ஜுலைகாவின் வீடு அவளுக்கு வாசித்துச் சொல்லும். ஒருநாள் தம்பியின் பட்டையிலிருந்து ஒன்றும் வராமல் போனதில் வாசிப்பே பாதியில் நின்றுவிட்டது. கணினி நிரல் எழுதுவதுதான் அவள் வேலை. 'தகவல் காலியாக இருந்தால் நிற்காதே, அடுத்தவருக்குப் போ' என்று வீட்டின் நிரலில் ஒரு வரி சேர்த்தாள். அதன்பிறகு வீடு எங்கும் தடுமாறவில்லை.

இன்று தேநீர் குடிக்கும்போது ஏதோ குறைவதுபோல் தோன்றியது.

"வாப்பாவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

"வெள்ளிக்கிழமையிலிருந்து அவருடைய தகவல் காலி. அதனால் தாண்டிவிட்டேன்" என்றது வீடு.

இன்று செவ்வாய். காயல்பட்டினத்தில் தனியாக இருக்கும் தந்தையை உடனே தொலைபேசியில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஜுலைகாவா?" என்றார் வாப்பா, சாவகாசமாக.

"வாப்பா! பட்டை எங்கே?"

"கழட்டி அலமாரில வச்சிருக்கேன்மா. அது இல்லேன்னா நீயே கேப்பியான்னு பார்த்தேன்."

அவருடைய நாடித்துடிப்பும் சர்க்கரை அளவும் அவளுக்கு அத்துப்படி. வேறு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தாள்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"இடியாப்பம். நானே பிழிஞ்சேன்."

"நீங்களா? எப்பக் கத்துக்கிட்டீங்க?"

"அது பெரிய கதை. உனக்கு நேரம் இருக்கா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்க வாப்பா."