கைராசி

கன்று விரலைத் துப்பியது.

ஐந்தாவது முறையோ ஆறாவதோ. அவள் மறுபடி நடுவிரலையும் மோதிர விரலையும் வாளியில் முக்கினாள். சீம்பால் மஞ்சளாய், கெட்டியாய் வழிந்தது. கன்றின் வாய்க்குள் விட்டாள். நாக்கு விரல்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது.

துப்பியது.

உச்சிப் பொழுதில் வந்த கன்று. ஆம்னி வேனின் பின்சீட்டில் சாக்கு விரித்து, குழந்தையைப் போல் படுக்க வைத்துக் கொண்டுவந்தான் தரகன் நாச்சிமுத்து. தொப்புள்கொடி இன்னும் ஈரம் காயவில்லை.

"கிடாரிக் கன்னுங்க அம்மிணி. ஈன்ன சூட்டோட தாய் போயிருச்சு. சீம்பாலை மட்டும் கறந்து கொண்டாந்திருக்கேன். பொழுது இறங்கறதுக்குள்ள சீம்பால் உள்ள போச்சுன்னா தங்கும். இல்லீன்னா, அப்புறம் எம்மேல பழி போடப்படாது, ஆமா."

வண்டியைக் கிளப்பிவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான்.

"மயிலாத்தாக்கா இருந்திருந்தா நான் இத்தனை பேசியிருக்கவே மாட்டேன்."

மயிலாத்தாள் அவள் புருஷனின் மூத்த தாரம். காமாலையில் போய்ச் சேர்ந்தவள்.

போய்ச் சேர்ந்ததாகத்தான் எல்லாரும் சொன்னார்கள்.

மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மிஷினில் மயிலாத்தாளின் வலது கையில் நடு மூன்று விரல்களும் போய்விட்டன. மிச்சம் கட்டை விரலும் சுண்டு விரலும். அந்தச் சுண்டு விரலைப் பாலில் நனைத்து ஊட்டியே தாயில்லாக் கன்று எத்தனையோ பிழைக்க வைத்திருக்கிறாள். விரல் போனாலும் ராசி போகவில்லை என்று ஊரே பேசியது.

கட்டுத்தரையில் நிற்கும் நான்கு மாடுகளும் அந்தக் கையில் வளர்ந்தவை.

அவள் உள்ளே நுழைந்தால் அவை எழுந்திருப்பதில்லை. தீவனம் வைத்தாலும் சரி, அதட்டினாலும் சரி. படுத்தபடி, அவள் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்க்கும். இன்னும் யாரோ வர வேண்டியிருப்பது மாதிரி.

மயிலாத்தாக்கா வந்தால் நாலும் ஒண்ணா எழுந்திருக்குமே என்றாள் பால் வாங்க வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவள் கைக்கு வந்த முதல் கன்று கழிச்சலில் போனது.

இரண்டாவதும் இப்படித்தான், விரலைத் துப்பியது. பயத்தில் பாட்டிலை வாய்க்குள் சொருகி ஊற்றிவிட்டாள். புரையேறி, அவள் மடியிலேயே கண் நிலைகுத்திப் போனது.

இது மூன்றாவது.

"இதுவும் போச்சுன்னா மாட்டை வித்துப்போட்டுக் கட்டுத்தரையைப் பிரிச்சர்றேன்" என்றிருக்கிறார் புருஷன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மதியமே மண்வெட்டியை எடுத்துவந்து வாசல் தூணில் சாத்திவிட்டுப் போனார். குழி வெட்ட.

அதைப் பார்க்காமல் இருக்கத்தான் அவள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

ஆள்காட்டி விரல். துப்பியது.

கட்டை விரல். வாயைத் திறக்கவே இல்லை.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கன்றின் காதைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. தலை தொங்கி அவள் முழங்காலில் சாய்ந்தது.

ஒரு யோசனை வந்தது.

வந்த வேகத்திலேயே வேண்டாம் என்றும் தோன்றியது.

கன்று ஒரு முறை பெருமூச்சு விட்டது. அடுத்த மூச்சுக்கு நேரமாயிற்று.

அவள் வலது கையை நீட்டினாள். நடு மூன்று விரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கினாள். இறுக்கி.

கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் நின்றன.

தன் கை மாதிரியே இல்லை.

சுண்டு விரலை நனைத்து நீட்டினாள்.

கன்று கவ்வியது.

அப்படி ஓர் இழுப்பு. நகக்கண் வரை வலித்தது. மெல்லக் கையை வாளிக்குள் இறக்கினாள். மூக்கும் கூடவே இறங்கியது. மடக் மடக் என்று சத்தம் கேட்டது. வால் ஆடியது.

பிறந்து ஒரு பொழுதுகூட ஆகாத கன்று. மயிலாத்தாளைப் பார்த்ததே இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

கட்டுத்தரையின் உள்பக்கம் சங்கிலி சத்தம்.

ஒன்று. அப்புறம் இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்தாற்போல்.

நிமிர்ந்து பார்த்தாள்.

நான்கு மாடுகளும் எழுந்து நின்றன.

வாசலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தன.

கன்று வாளியின் அடியை நக்கி முடித்தது. விரலை விட்டது. அவள் கையை வெளியே எடுத்தாள்.

மண்வெட்டி சரிந்து விழுந்தது.

புருஷன் வாசலில் நின்றிருந்தார். கன்றைப் பார்க்கவில்லை. மங்கிய வெளிச்சத்தில், பால் சொட்டிக்கொண்டிருந்த கையைத்தான் பார்த்தார்.

"மயிலா?"

இத்தனை மெதுவாக அவளை அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

இல்லீங்க, நான்தானுங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். மடக்கிய விரல்களை விரித்துக் காட்டப் பார்த்தாள்.

விரல்கள் நீளவில்லை.

கன்று எழுந்துவிட்டது. நடுங்கும் கால்களோடு வந்து, இன்னும் வேண்டும் என்று அந்தக் கையை முட்டியது.

"ம்" என்றாள்.