எடுத்துக்கோங்க!

கூடாரத்தின் நான்காவது முளையை அடித்து முடிப்பதற்குள் நான் என் கட்டை விரலை இரண்டு தடவை அடித்துவிட்டேன். என் மனைவி ஷஹ்லா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே மறுபக்கக் கயிற்றைப் பிடித்திருந்தாள். பார்க்கிறவர்கள் எங்களை வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்த ஜோடி என்று நினைத்திருக்கலாம். நான் தொப்பியைக் கழற்றி என் வழுக்கையைக் காட்டினால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

"பஹ்மன், கடைசியா சொல்லிட்டேன். இந்த ரெண்டு நாள்ல உங்க வாயால இன்னும் ஏதாவது போச்சுன்னா, நான் தெஹ்ரானுக்கு, அக்கா வீட்டுக்கு, பஸ் ஏறிடுவேன்."

"சத்தியமா வாயையே திறக்கமாட்டேன்."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. யாராவது நம் பொருளை மெச்சினால், 'உங்களுக்குத்தான், எடுத்துக்கோங்க' என்பது எங்கள் பக்கத்து மரியாதை. மூன்று தடவை மறுப்பது எதிராளியின் மரியாதை. அந்த மறுப்பை நம்பித்தான் எல்லாரும் தைரியமாக வாயை விடுகிறார்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு மட்டும் மறுக்க மறந்துவிடும். போன வருஷம் என் சைக்கிள் அப்படித்தான் போயிற்று.

வசந்த விடுமுறையில் ஷிராஸ் பூங்கா முழுக்கக் கூடாரங்கள். எங்களுக்கு ஆரஞ்சு மரத்தடியில் அருமையான இடம் கிடைத்திருந்தது. அப்போது தப்ரீஸிலிருந்து ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. பெரிய மீசைக்காரர், களைத்துப்போன மனைவி, நான்கு பிள்ளைகள்.

"எந்த ஊர் சார் நீங்க?" என்றார் மீசைக்காரர்.

"ரொம்ப தூரமில்ல" என்றேன்.

"நல்ல நிழல் பிடிச்சிருக்கீங்க!"

நாக்கைக் கடித்துப் பார்த்தேன். அது நழுவிக்கொண்டு வெளியே வந்தது. "உங்களுக்குத்தான், எடுத்துக்கோங்க."

"ரொம்ப சந்தோஷம்!" என்று அவர் பெட்டிகளை இறக்கினார்.

நாங்கள் கூடாரத்தைப் பிடுங்கி வெயிலில் நட்டோம். அரைமணி நேரத்தில் எங்கள் கெட்டிலும் அந்தப் பக்கம் போயிற்று. டீ வாசனையைப் புகழ்ந்தால் நான் என்ன செய்வேன்? அப்புறம் ஷஹ்லா முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணை.

அவள் திட்டக்கூட இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தெருவுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது மாடி ஜன்னலில் இருந்த சிவப்புப் பூந்தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் செடிக்கு யாருமே தண்ணி ஊத்தல, பாருங்க."

"இப்ப அதுவா முக்கியம்?"

"எனக்கு முக்கியம்."

அந்த நேரம் பார்த்து நான் நட்ட கம்பு சாய்ந்து, கூடாரம் எங்கள் மேல் உட்கார்ந்தது. துணிக்குள் தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு பெண் குரல் கேட்டது.

"உயிரோட இருக்கீங்களா?"

தலையை நீட்டினேன். அறுபது வயதிருக்கும், பூப்போட்ட சாதர் போர்த்திய ஓர் அம்மாள். கையில் நீலக் கிண்ணம் நிறையக் கீரையும் நூடுல்ஸும் போட்ட சூடான ஆஷ் சூப்.

"என் பேர் ஷம்ஸி. காலையிலேர்ந்து மேலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன். நிழலைக் குடுத்தீங்க, கெட்டிலைக் குடுத்தீங்க... மனசு கேக்கல. பக்கத்துலதான் இருக்கோம், வந்து படுங்க தம்பி."

"ஐயோ, வேண்டாம்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றது என் வாய்.

ஷஹ்லாவின் முழங்கை என் விலாவில் இறங்கியது. அவள் ஆஷைப் பார்க்கவில்லை, கிண்ணத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிரமம்? ஒன்பது பேர் இருக்கோம், பதினோரு பேர் ஆனா வீடு இடிஞ்சா விழுந்துடும்? வாங்க."

"இல்லம்மா, நாங்க இங்க சௌகரியமாத்தான் இருக்கோம்" என்றேன், கூடாரத்தைத் தலையில் சுமந்துகொண்டு.

இனி மூன்றாவது தடவை அழைக்க வேண்டும். அழைத்தால் கௌரவமாகத் தலையாட்டிவிடலாம் என்று காத்திருந்தேன்.

"சரி தம்பி, உங்க இஷ்டம்" என்று அந்த அம்மாள் திரும்பி நடந்தாள்.

ஷஹ்லா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. பதினான்கு வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணியவளை ஒரு 'வேண்டாம்' சொல்லித் தொலைத்துவிட்டேன். அவள் இரண்டடி எடுத்துவைத்தாள்.

ஷம்ஸி அம்மாள் சட்டென்று நின்று, வேகமாகத் திரும்பி வந்தாள்.

"முன்னப்பின்ன தெரியாதவங்க வீடுன்னுதானே தயங்குறீங்க? உள்ளதைச் சொல்லிடறேன். எங்களுக்கும் அது தெரியாதவங்க வீடுதான். நாங்க யஸ்துலேர்ந்து வந்தோம், எந்த ஓட்டல்லயும் இடமில்ல. எங்க மருமகனோட ஆபீஸ்ல ஒரு மகராசன், போன்லயே 'நாங்க ஊர்ல இருக்கமாட்டோம், தாராளமா தங்குங்க'ன்னு சொல்லி, சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாரு. நேர்ல பாத்ததே இல்ல. சுவத்துல கல்யாண போட்டோ இருக்கு. தலை நிறைய முடியோட ராஜா மாதிரி இருக்காரு!"

நான் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். ஷஹ்லாவின் தோள்கள் குலுங்கின. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாள் ஒரு கையால் என்னைப் பிடித்து இழுத்தாள். மறு கை மூன்றாவது மாடிப் பூந்தொட்டியைக் காட்டியது.

"கூச்சப்படாம வாங்க தம்பி. பஹ்மனோட வீட்டை உங்க வீடாவே நினைச்சுக்கோங்க!"