டிப்ஸ் வாங்குவதில்லை

சூப் கிண்ணத்துக்கு அடியிலிருந்து நாலாக மடித்த நோட்டு ஒன்று எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் சர்வர் நெட்டை மேனேஜரின் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சரிதான், இன்றைக்கு நம் முறை என்று நினைத்துக்கொண்டான்.

அந்த ஓட்டலில் யாரும் டிப்ஸ் வாங்கக் கூடாது. வாசலிலேயே நாலு பாஷையில் போர்டு மாட்டியிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அதைப் படிப்பதில்லை. அவர்கள் பாட்டுக்கு வைத்துவிட்டுப் போவார்கள், சர்வர் பின்னாலேயே ஓடித் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

மேனேஜரோ லேசுப்பட்ட ஆளில்லை. பயணி மாதிரி யாரையாவது அனுப்பி, டிப்ஸ் கொடுக்கச் சொல்லி ஆழம் பார்ப்பார். போன மாதம் ஜூஸ் போடுகிறவர் அப்படித்தான் மாட்டினார். பதினைந்து வருஷம் வேலை பார்த்த மனுஷன், பதினைந்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போய்விட்டார்.

நெட்டைக்கு வேலை கிடைத்தே இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் ஏழு மாதம் மச்சான் வீட்டுச் சோறு. சாப்பிடுகிற ஒவ்வொரு கவளத்தையும் மச்சான் எண்ணுவது போலவே இருக்கும். இன்று காலையில்கூட, நிறைமாதமாக இருக்கும் மனைவி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள். "யார் எதைக் குடுத்தாலும் கையை நீட்டிடாதீங்க. மறுபடியும் எங்கண்ணன் வீட்டு வாசல்ல போய் நிக்க என்னால முடியாது."

இந்த மேஜைக்கு வந்தது ஒரு வெளிநாட்டுத் தம்பதி. கணவருக்கு நம் பாஷை தண்ணி பட்ட பாடு. உட்கார்ந்ததுமே, "அவங்களுக்கு இந்த ஊர்ப் பேச்சு வராது, எதுன்னாலும் என்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டார். அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவரே சொன்னார். மீனில் முள்ளைக்கூட அவரே எடுத்து வைத்தார். நாமும் கல்யாணம் பண்ணி மூன்று வருஷமாகிறது, ஒரு நாளாவது முள் எடுத்துப் போட்டிருக்கிறோமா என்று நெட்டைக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நடுவில் அவருக்கு போன் வந்து வெளியே போனார். அந்த நேரம் பார்த்து அவள் நெட்டையிடம் எழுதுவது போல விரலை அசைத்துக் காட்டினாள். அவனும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சாப்பாடு எப்படி என்று எழுதும் கருத்துச் சீட்டோடு சேர்த்துக் கொடுத்தான். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி அவள் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

இப்போது கணவர் கவுன்டரில் பில் கட்டிக்கொண்டிருந்தார். மேஜையில் பேனா கிடந்தது. கருத்துச் சீட்டில் ஓர் எழுத்துக்கூட இல்லை. மார்க்கை எல்லாம் மேனேஜரிடம் நேரில் சொல்லுவாளாக்கும் என்று நெட்டை உள்ளுக்குள் கறுவினான்.

நோட்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்து, வாசல் போர்டைக் காட்டி, வாங்குவதில்லை என்று தலையசைத்தான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கவுன்டர் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். சட்டென்று நோட்டை அவன் ஏப்ரன் பைக்குள் திணித்து, அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன. ஒருத்தன் பிழைப்பைக் கெடுக்க இவ்வளவு நடிப்பா என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

அதற்குள் கணவர் வந்து, அவள் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனார். நெட்டை கண்ணாடி அறையைப் பார்த்தான். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பையில் நோட்டு இருக்கிறது, இதைவிட வேறு சாட்சி வேண்டுமா. கையிலிருந்த தட்டுகளை அப்படியே வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினான்.

நல்லவேளை, கார் கிளம்பவில்லை. அவளை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கணவர் மறுபக்கம் சுற்றி வந்துகொண்டிருந்தார். நெட்டை நோட்டும் கையுமாக வருவதைக் கண்ணாடி வழியே பார்த்ததும், அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தோற்றுப்போன கோபம் என்று நினைத்தான். இவளிடம் கொடுத்தால் மறுபடியும் திணிப்பாள் என்று நேரே கணவரிடமே போனான்.

"சார், அம்மா வச்சிட்டு வந்துட்டாங்க. நாங்க டிப்ஸ் வாங்கறதில்ல."

கணவர் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். தங்கள் ஊரில் டிப்ஸ் வைக்காமல் எழுந்தால் மரியாதைக் குறைவு, அந்தப் பழக்கத்தில் வைத்திருப்பாள், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். நெட்டை திரும்பிப் பார்த்தான். ஓட்டல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மேனேஜர் பலே என்பது போலக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அப்பாடா, வேலை தப்பித்தது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லலாம்.

கணவர் நோட்டைப் பிரித்தார். ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மறுபக்கத்தை வெகுநேரம் பார்த்தார். காருக்குள் அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

அவருடைய சிரிப்பு மட்டும் மாறவே இல்லை. நோட்டைப் பழையபடி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நெட்டையின் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்.

"இதுல எழுதியிருக்கறத நீங்க படிக்கலையே?"