டப்பாச் சத்தம்

படியில் நாலு ஜோடிக் கால் ஏறுகிற சத்தம் கேட்டதுமே கூண்டுக் கதவைத் திறந்து புறாக்களை மேலே விரட்டிவிட்டேன்.

அவர்கள் மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்தபோது கூண்டில் இறகும் எச்சமும்தான் மிச்சம். இருபத்தி மூன்றும் வானத்தில்.

நாலு பேருக்கும் தலை முதல் கால் வரை வெள்ளைப் பிளாஸ்டிக் உடுப்பு. வாய்க்கு முகமூடி, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. முகத்தைக் காட்டாமல் வீட்டுக்குள் நுழைகிறவனுக்கு எங்கள் காலத்தில் வேறு பேர்.

முன்னால் நின்றவர் அதிகாரி. பேச்சிலேயே தெரிந்தது. ஏரியில் காட்டு வாத்துகள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதக்கின்றனவாம். பறவைக் காய்ச்சலாம். ஏரியைச் சுற்றி வீடுகளில் வளர்க்கிற பறவை ஒன்றையும் விட்டுவைக்கக் கூடாதாம். மனுஷனுக்கும் ஒட்டிக்கொள்ளுமாம்.

“வாத்து செத்தா வாத்தைப் போய்ப் பாருங்க. என் புறாவுக்கு ஒரு குறையும் இல்ல.”

“ஏரியில தண்ணி குடிக்கிற காக்கா உங்க மாடித் தொட்டியிலயும் வந்து குடிக்குது, பெரியவரே.”

“அப்ப காக்காவுக்கும் நோட்டீஸ் குடுத்தாச்சா?”

படிக்கட்டு வாசலில் நின்ற கீழ் வீட்டுக்காரர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டே சிரித்தார். ஒரு வாரமாக என்னைக் கண்டாலே சுவரோரம் ஒண்டி நடக்கிற மனுஷன். தன் வீட்டில் பேசப் பழகியிருந்த கிளியைக் கூண்டோடு கொண்டுபோய்ப் பூங்காவில் வைத்துவிட்டு வந்தவர். அது இன்னும் அவர் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று கேள்வி. அவர்தான் என்னைப் போட்டுக் கொடுத்திருப்பார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதிகாரி ஒரு காகிதத்தை நீட்டினார். என் படிப்பு ரெண்டாம் வகுப்போடு சரி. ஆனால் கையெழுத்துப் போடக் கூடாத காகிதத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்வேன்.

“என் மகளும் உங்க இலாகாதான். மாட்டு டாக்டர், வேற ஊர்ல. அவ சொல்லட்டும், நானே பிடிச்சுத் தர்றேன்.”

அதிகாரி திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். நான் மகளுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலையில் இருப்பாள், பாவம்.

அவர்கள் வலையை விரித்தார்கள். தானியம் இறைத்தார்கள். ஒருவர் விசிலடித்துப் பார்த்தார். புறாக்கள் வெள்ளை உடுப்பைப் பார்த்து இன்னும் உயரப் போயின. நான் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் சலித்துப்போய் இறங்கிவிடுவார்கள். புறாக்களைச் சொல்லவில்லை, இவர்களைச் சொல்கிறேன்.

புறாக்கள் எதற்கு இறங்கும் என்று எனக்குத் தெரியும். பால்பவுடர் டப்பாவை ஸ்பேனரால் தட்ட வேண்டும். முப்பத்தைந்து வருஷம் குழாய் வேலை பார்த்த ஸ்பேனர். இரண்டு தட்டு, ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா, பிறகு ஒரு தட்டு. அதில் ஒரு இம்மி பிசகினாலும் வராது. அப்படிப் பழக்கியிருந்தேன். புறா வளர்க்கிறவன் அடுத்தவன் புறாவைத் தன் மாடியில் இறக்கிக்கொள்ளத்தான் பார்ப்பான். எவனையும் நம்ப முடியாது. என் பெண்டாட்டியே நாற்பது வருஷமாகத் தப்பாகத்தான் தட்டுகிறாள்.

நாலு பேரில் ஓரமாக நின்ற உருவம் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அது நேராகக் கூண்டுக்குப் பின்னால் போனது. நான் ஒளித்து வைத்திருந்த டப்பாவையும் ஸ்பேனரையும் எடுத்தது. யாரையும் கேட்கவில்லை, தேடவுமில்லை.

இரண்டு தட்டு. ஒரு மூச்சு விடுகிற நேரம். ஒரு தட்டு.

இருபத்தி மூன்றும் இறங்கின. கறுப்பு வால்காரி அந்த வெள்ளைத் தோளிலேயே போய் உட்கார்ந்தாள்.

யார் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தட்டை உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆறு வயதில், மடியில் உட்கார வைத்து, கையைப் பிடித்து.

“அவங்களே கேட்டு வந்தாங்க, பெரியவரே,” என்றார் அதிகாரி.

புறாக்களைப் பெட்டிகளில் அடைத்து மூடி, வாயு சிலிண்டரிலிருந்து குழாயைச் சொருகினார்கள். கொஞ்ச நேரம் உள்ளே சிறகு அடித்தது. பிறகு அதுவும் இல்லை.

“நீயெல்லாம் எனக்குப் பொறந்தவளா?”

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று மாட்டிக்கொண்டாள். பையிலிருந்து நுனியில் பஞ்சு சுற்றிய நீளக் குச்சியை எடுத்தாள்.

“வாயத் திறங்கப்பா.”

“அதான் எல்லாம் போச்சே. எனக்கு எதுக்கு?”

“அம்மா போன்ல சொல்லிட்டாங்க. காய்ச்சல் எத்தனை நாளா?”

படிக்கட்டுப் பக்கம் பார்த்தேன். கீழ் வீட்டுக்காரருக்குப் பின்னால் என் பெண்டாட்டி நின்றிருந்தாள். முகத்தை எதாலும் மூடியிருக்கவில்லை. நான் பார்த்ததும் தரையைப் பார்த்தாள்.

ஆக, அம்மாவும் மகளும் சேர்ந்துதான்.

“நாலு நாள்,” என்றேன்.

ஆறு நாள். முதல் புறாவைப் பூந்தொட்டியில் புதைத்த அன்றிலிருந்து.